புட்சர் பேப்பரில் விலா இறைச்சியைச் சுற்றிச் சமைப்பது எப்படி: புதியவர்களுக்கான வழிகாட்டி

பன்றி விலா இறைச்சியைப் புகையில் மெதுவாகச் சமைப்பவர்கள் பாதி வழியில் அதை எதிலாவது சுற்றி வைப்பது வழக்கம். அலுமினியத் தாளில் சுற்றினால் நீராவி வெளியேற வழியின்றி உள்ளேயே சூழ்ந்து இறைச்சியை விரைவாக மென்மையாக்கிவிடும். ஆனால் மணிக்கணக்கில் காத்திருந்து உருவாக்கிய மேற்பொருக்கு அந்த ஈரத்தில் ஊறி உரிந்து போகும். எதிலும் சுற்றாமலே விட்டால் பொருக்கு மொறுமொறுப்பாக இருக்கும், ஆனால் சமையல் நீண்டுகொண்டே போவதோடு மெல்லிய ஓரங்கள் காய்ந்தும் விடும். புட்சர் பேப்பர் எனப்படும் மேற்பூச்சில்லாத உறுதியான தாள் ஈரத்தின் ஒரு பகுதியை வெளியே விட்டு மறுபகுதியைப் பிடித்து வைப்பதால் இந்த இரண்டு குறைகளையும் ஓரளவு தவிர்க்க உதவுகிறது.

புதிதாகத் தொடங்குபவர்கள் தடுமாறுவதற்கு முதன்மையான காரணம், அலுமினியத் தாளுக்காக எழுதப்பட்ட செய்முறைகளை அதே நேரக் கணக்கோடும் அதே அளவு திரவத்தோடும் புட்சர் பேப்பருக்குப் பயன்படுத்துவதுதான். இரண்டும் வேறு வேறாக வேலை செய்கின்றன. அந்த வேறுபாட்டை எந்த இடத்தில் கவனிக்க வேண்டும் என்பதை யாரும் ஒரே இடத்தில் சொல்லாததால், தட்டுத் தடுமாறித் தெரிந்துகொண்டவற்றை நீங்கள் அப்படியே பின்பற்றும் வரிசையில் கீழே தருகிறேன்.

1. சரியான தாளை வாங்குங்கள்

இந்தப் படியில் நேரம் செலவிடத் தயங்க வேண்டாம், ஏனெனில் தவறான தாளை வாங்கிவிட்டால் பின்னால் எவ்வளவு கவனமாகச் செய்தாலும் பயனில்லை. உங்களுக்குத் தேவையானது மெழுகோ பிளாஸ்டிக்கோ சிலிகானோ பூசப்படாத, வெளுக்கப்படாத, உணவு நேரடியாகப் படக்கூடிய தாள். இளஞ்சிவப்பு நிறத்திலோ வெளிர் பழுப்பு நிறத்திலோ சுருளாகக் கிடைக்கும் இவ்வகைத் தாள் ஈரத்தையும் கொழுப்பையும் தாங்கிச் சில மணி நேரம் கிழியாமல் நிற்கும் வகையில் தயாரிக்கப்படுகிறது.

நிறத்தை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். சுருளின் உறையில் அச்சிடப்பட்டிருப்பதைப் படியுங்கள். உணவு நேரடியாகப் படலாம் என்பதும், மேற்பூச்சு எதுவும் இல்லை என்பதும் அங்கே தெளிவாகக் குறிப்பிடப்பட்டிருக்க வேண்டும். இவ்விரண்டில் ஒன்று இல்லையென்றாலும் அந்தச் சுருளை விட்டுவிடுவதே நல்லது. உறை இல்லாமல் தாள் மட்டும் கையில் இருந்தால் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் பளபளத்தாலோ, நகத்தால் சுரண்டும்போது மெழுகு நகத்தில் ஒட்டினாலோ அது சமையலுக்கு உதவாது.

குழப்பம் தரக்கூடிய தாள்கள் சில உண்டு. மெழுகுத் தாளில் உள்ள மெழுகு சமையல் சூட்டில் உருகி இறைச்சியில் இறங்கிவிடும். இறைச்சியை உறைய வைப்பதற்கென விற்கப்படும் ஃப்ரீசர் பேப்பரின் ஒரு பக்கத்தில் பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது, பார்ப்பதற்குப் புட்சர் பேப்பரைப் போலவே இருப்பதால் பலரும் ஏமாறுவது இதில்தான். பார்ச்மென்ட் எனப்படும் பேக்கிங் தாள் சூட்டைத் தாங்கும், தீங்கும் இல்லை. ஆனால் அதன் சிலிகான் பூச்சு ஈரத்தைக் கசிய விடாததால் விளைவு அலுமினியத் தாளை ஒட்டியே இருக்கும். பொருள்களைப் பொதிவதற்கான பழுப்புத் தாள் உணவுக்கென்று தயாரிக்கப்பட்டதாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை, ஈரம் பட்டவுடன் கிழியவும் கூடும். அச்சு மை உள்ள எந்தத் தாளையும் உணவுக்கு அருகில் கொண்டுவர வேண்டாம்.

அகலத்தைப் பொறுத்தவரை 45 சென்டிமீட்டர், 60 சென்டிமீட்டர் ஆகிய இரண்டு அளவுகள் பரவலாகக் கிடைக்கின்றன. சிறிய விலாப் பாளத்துக்கு (எலும்புகள் வரிசையாகச் சேர்ந்திருக்கும் முழுத் துண்டுக்கு) 45 போதும், பெரியதற்கு 60 இருந்தால் ஓரங்களை மடிக்கும்போது தாள் பற்றாமல் போகாது. எதை வாங்குவது என்று ஐயமிருந்தால் அகலமானதையே வாங்குங்கள். ஒரு பாளத்துக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளத்தில் இரண்டு துண்டுகள், அதாவது 2 மீட்டர் தாள் செலவாகும். ஆகவே 45 மீட்டர் நீளமுள்ள ஒரு சுருளில் ஏறத்தாழ 22 பாளங்களைச் சுற்றலாம். சுருள் முதலில் விலை கூடுதலாகத் தெரிந்தாலும் ஒரு முறைக்கான செலவாகப் பிரித்துப் பார்க்கும்போது, வெட்டி அடுக்கி விற்கப்படும் தாள்களைவிட அதுவே சிக்கனம். ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டுமே சமைப்பவர்களுக்கு வெட்டிய தாள்கள் போதும்.

2. இறைச்சியைத் தேர்ந்து நேரத்தைப் பின்னோக்கிக் கணக்கிடுங்கள்

பன்றி விலாவில் இரண்டு வெட்டுகளே பெரும்பாலும் புகையில் சமைக்கப்படுகின்றன. முதுகெலும்பை ஒட்டிய பகுதியிலிருந்து வருவது பேபி பேக். அது சிறியது, வளைவானது, விரைவில் வேகும். வயிற்றுப் பக்கத்திலிருந்து வருவது ஸ்பேர் ரிப்ஸ், அதன் குருத்தெலும்பு முனைகளை நீக்கிச் செவ்வகமாக வெட்டினால் செயின்ட் லூயிஸ் வெட்டு. புதியவர்களுக்கு நான் பரிந்துரைப்பது செயின்ட் லூயிஸ் வெட்டையே. தட்டையாக இருப்பதால் தாளில் சுற்றுவது எளிது, கொழுப்பும் சற்று அதிகம் என்பதால் சிறு தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும்.

121 டிகிரி செல்சியஸில், அதாவது 250 டிகிரி ஃபாரன்ஹீட்டில் சமைத்தால் செயின்ட் லூயிஸ் வெட்டுக்கு மொத்தம் 5 முதல் 6 மணி நேரமும், பேபி பேக்குக்கு 4 முதல் 5 மணி நேரமும் பிடிக்கும். இரவு 7 மணிக்குப் பரிமாற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வெந்த இறைச்சியை வெட்டாமல் சற்றுப் பொறுக்க விடுவதற்கு அரை மணி நேரம், சமையலுக்கு 6 மணி நேரம், நெருப்பு மூட்டிச் சூட்டை நிலைநிறுத்த முக்கால் மணி நேரம் என்று பின்னோக்கி எண்ணினால் 11.45 மணிக்குத் தொடங்க வேண்டும். அத்துடன் ஒரு மணி நேரம் கூடுதலாகச் சேர்த்து 10.45 மணிக்கே தொடங்குங்கள். விலா முன்கூட்டியே வெந்துவிட்டால் அதைச் சூடாக வைத்திருக்க வழியுண்டு, ஆனால் வேகாத விலாவை அவசரப்படுத்த வழியில்லை.

இறைச்சி உறைந்திருந்தால் முந்தைய நாளே குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுங்கள். அறைச் சூட்டில் வைத்து உருக வைப்பது பாதுகாப்பானது அல்ல.

3. சவ்வை உரித்து உப்பும் மசாலாவும் தடவுங்கள்

பாளத்தின் எலும்புப் பக்கத்தில் ஒரு மெல்லிய சவ்வு ஒட்டியிருக்கும். அது வெந்தாலும் மென்மையாவதில்லை, மசாலாவையும் உள்ளே விடாது. ஒரு முனையில் எலும்புக்கும் சவ்வுக்கும் இடையில் தேக்கரண்டியின் காம்பைச் செருகித் தூக்கி, வழுக்காமலிருக்கக் காகிதத் துவாலையால் பிடித்து இழுத்தால் பெரும்பாலும் ஒரே இழுப்பில் வந்துவிடும். கூர்மையாக நீட்டிக்கொண்டிருக்கும் எலும்பு முனைகளையும் தொங்கும் துணுக்குகளையும் இப்போதே வெட்டிவிடுங்கள், ஏனெனில் பின்னால் தாளைக் குத்திக் கிழிப்பவை அவைதான்.

ஒரு கிலோ எடைக்கு ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி மேசை உப்பு போதுமானது. கடையில் வாங்கிய மசாலாக் கலவையில் உப்பு ஏற்கெனவே இருக்கிறதா என்றும், இறைச்சியின் உறையில் உப்புக் கரைசல் ஏற்றப்பட்டதாக எழுதியிருக்கிறதா என்றும் பார்த்துவிட்டு அளவைக் குறையுங்கள். சர்க்கரை மிகுந்த கலவை நீண்ட நேரச் சமையலில் கருகிக் கசந்துவிடும் என்பதால் அதில் சற்றுக் கட்டுப்பாடு தேவை.

4. சுற்றாமல் புகையில் வையுங்கள்

புகையில் சமைக்கும் அடுப்பான ஸ்மோக்கரை 121 டிகிரியில் நிலைப்படுத்திய பிறகு, பாளத்தை எலும்புப் பக்கம் கீழாக, நெருப்பு நேரடியாகப் படாத இடத்தில் வையுங்கள். கொழுப்பு சொட்டும் இடத்தில் ஒரு தட்டு இருக்கட்டும். புகை மெல்லியதாக, நீலச் சாயலோடு வர வேண்டும். அடர்ந்த வெண்புகை கசப்பைத் தரும். முதல் ஒன்றரை மணி நேரம் மூடியைத் திறக்காதீர்கள். அதன் பிறகு ஓரங்கள் காய்வதாகத் தெரிந்தால் தண்ணீரும் ஆப்பிள் சிடர் வினிகரும் சம அளவில் கலந்த நீரை மெலிதாகத் தெளிக்கலாம்.

ஸ்மோக்கர் இல்லாதவர்கள் ஓவனிலும் இதைச் செய்யலாம். ஆழமான தட்டின் மேல் கம்பி வலையை வைத்து அதன் மேல் பாளத்தை வையுங்கள். புகைச் சுவை இருக்காது, ஆனால் தாளில் சுற்றுவதன் பயன் அப்படியே கிடைக்கும்.

5. எப்போது சுற்றுவது என்பதைக் கண்ணால் முடிவு செய்யுங்கள்

இந்தச் சமையலில் முடிவெடுக்க வேண்டிய இடம் ஒன்றே ஒன்றுதான் என்றால் அது இதுவே. பலரும் அறிந்த 3-2-1 என்னும் கணக்கு, மூன்று மணி நேரம் திறந்தும், இரண்டு மணி நேரம் அலுமினியத் தாளில் மூடியும், ஒரு மணி நேரம் மீண்டும் திறந்தும் சமைக்கச் சொல்கிறது. அது குறைந்த சூட்டுக்கும், பெரிய ஸ்பேர் ரிப்ஸுக்கும், அலுமினியத் தாளுக்கும் உரியது. புட்சர் பேப்பருக்குக் கடிகாரத்தை நம்புவதைவிடப் பொருக்கைப் பார்ப்பது நல்லது.

மூன்று அடையாளங்களைத் தேடுங்கள். நிறம் ஆழ்ந்த செம்பழுப்பாக மாறியிருக்க வேண்டும், ஏனெனில் சுற்றிய பிறகு நிறம் அதிகம் அடர்வதில்லை. விரல் நகத்தால் மேற்பரப்பை மெல்லச் சுரண்டும்போது மசாலா பசையாகக் கையோடு வராமல் இறைச்சியிலேயே ஒட்டியிருக்க வேண்டும். இறைச்சி சுருங்கி எலும்பு முனைகள் சற்றே வெளியே தெரியத் தொடங்கியிருக்க வேண்டும். 121 டிகிரியில் பேபி பேக் இந்த நிலையை அடைய ஏறத்தாழ 2 முதல் இரண்டரை மணி நேரமும், செயின்ட் லூயிஸ் வெட்டு இரண்டரை முதல் மூன்றரை மணி நேரமும் எடுத்துக்கொள்ளும். இது வழிகாட்டும் அளவு மட்டுமே.

இந்தக் கட்டத்தில் இறைச்சியின் உட்சூடு பெரும்பாலும் 70 டிகிரியை ஒட்டி இருக்கும். மேற்பரப்பிலிருந்து ஆவியாகும் ஈரம் இறைச்சியைக் குளிர்விப்பதால் சூடு ஏறாமல் தேங்கி நிற்பதும் இங்கேதான். பதறி நெருப்பைக் கூட்டாதீர்கள், தாளில் சுற்றுவதே அந்தத் தேக்கத்துக்கான மருந்து. தாள் ஆவியாதலை முழுவதும் நிறுத்தாமல் குறைக்கிறது. ஆகவே சூடு மீண்டும் ஏறும், ஆனால் அலுமினியத் தாளில் ஏறும் வேகத்தில் ஏறாது.

சீக்கிரம் சுற்றுவதே இங்கே பெரிய பொறி. பொருக்கு இறுகுமுன் சுற்றினால் மசாலா முழுவதும் தாளில் ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது வெளிறிய இறைச்சிதான் மிஞ்சும். ஐயமிருந்தால் இன்னும் 20 நிமிடம் பொறுங்கள்.

6. இறுக்கமாகச் சுற்றுங்கள்

தாளை முன்கூட்டியே வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். இறைச்சியை வெளியே எடுத்த பின் தாளைத் தேடினால் அதன் சூடு வீணாகும்.

இரண்டு துண்டுகளையும் மேசையில் நீளவாக்கில், ஒன்றன் மேல் ஒன்று பாதிக்கு மேல் ஏறியிருக்குமாறு விரியுங்கள். இறைச்சி படப்போகும் இடத்தில் வினிகர் கலந்த நீரை லேசாகத் தெளித்தால் தாள் வளைந்து கொடுக்கும். விரும்பினால் ஒரு மேசைக்கரண்டி உருகிய வெண்ணெயையோ விலங்குக் கொழுப்பையோ அங்கே தடவலாம். அது தாளில் ஊறி ஈரத்தைச் சற்றுக் கூடுதலாகப் பிடித்து வைக்கும். இதற்கு மேல் திரவம் எதையும் ஊற்றாதீர்கள். அலுமினியத் தாள் செய்முறைகளில் வரும் அரைக் கோப்பைச் சாற்றையும் தேனையும் இங்கே ஊற்றினால் தாள் ஊறிக் கிழிந்து எல்லாம் நெருப்பில் வடியும்.

பாளத்தை உங்களுக்கு அருகிலுள்ள விளிம்பிலிருந்து ஒரு சாண் தள்ளி, அந்த விளிம்புக்கு இணையாக, இறைச்சிப் பக்கம் கீழாக வையுங்கள். அருகிலுள்ள விளிம்பைத் தூக்கிப் பாளத்தின் மேல் போட்டு, விரல் நுனிகளால் அதன் மறுபுறத்துக்கு அடியில் செருகி உங்கள் பக்கமாக இழுத்து இறுக்குங்கள். பச்சிளங்குழந்தையைத் துணியில் சுற்றுவதுபோல, இடைவெளி இல்லாமல், அதே சமயம் அழுத்திக் கிழிக்காமல் சுற்ற வேண்டும். பிறகு இடது வலது ஓரங்களை உள்நோக்கி மடித்து, மடிப்புகளைக் கையால் நன்கு அழுத்துங்கள். இப்போது பொதியை முன்னோக்கி ஒரு முறை உருட்டி, மீண்டும் ஓரங்களைச் சரிசெய்து, தாள் தீரும் வரை உருட்டிக்கொண்டே போங்கள். தாளின் கடைசி விளிம்பு பொதியின் அடியில் வந்து முடிந்தால் பொதியின் எடையே அதைப் பிடித்துக்கொள்ளும். ஒட்டுநாடா ஒட்டக் கூடாது, நூல் தேவையில்லை.

உருட்டும்போது இறைச்சி எந்தப் பக்கம் இருக்கிறது என்பது மறந்துவிடும். இறைச்சிப் பக்கம் மேலே வருமாறு பொதியைத் திருப்பிய பின், மடிப்பு ஒன்றின் முனையைச் சற்று மடக்கி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். பேனாவால் தாளில் எழுத வேண்டாம்.

தாள் தொளதொளவென்று இருந்தால் உள்ளே நீராவி தங்கும் இடம் கூடிப் பொருக்கு நனையும். எலும்பு முனை ஒன்று தாளைக் குத்தி வெளியே வந்துவிட்டால் முழுவதையும் பிரிக்க வேண்டியதில்லை. இன்னொரு துண்டை அந்த இடம் மூடுமாறு மேலே சுற்றினால் போதும்.

7. மீண்டும் சூட்டில் வையுங்கள்

பொதியை இறைச்சிப் பக்கம் மேலாக, முன்பு வைத்த அதே இடத்தில் வையுங்கள். புட்சர் பேப்பர் தீப்பிடிக்காதா என்று பலரும் அஞ்சுகிறார்கள். காகிதம் தானாகத் தீப்பற்றுவதற்கு ஏறத்தாழ 230 டிகிரி செல்சியஸ் தேவை, நாம் சமைப்பதோ 121 முதல் 135 டிகிரிக்குள். ஆனால் சுடர் நேரடியாகப் பட்டாலோ தணல் பறந்து விழுந்தாலோ கொழுப்பு ஊறிய தாள் கட்டாயம் பற்றிக்கொள்ளும். ஆகவே கரி அடுப்பில் சமைப்பவர்கள் பொதிக்கும் கரிக்கும் இடையில் போதிய தூரம் விட்டு, கீழே சொட்டுத் தட்டு இருக்கிறதா என்பதை இன்னொரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

சற்று நேரத்தில் தாள் முழுவதும் கொழுப்பில் ஊறிக் கருத்து, உள்ளிருப்பது நிழலாகத் தெரியும். கவலைப்பட வேண்டாம், அது அப்படித்தான் ஆக வேண்டும். இனிப் புகை உள்ளே செல்வது குறைவு என்பதால் மரத்துண்டுகளைச் சேர்ப்பதை நிறுத்திவிடலாம். சூட்டை 135 டிகிரி வரை உயர்த்துவதாலும் கெடுதல் இல்லை. பேபி பேக்குக்கு 1 முதல் ஒன்றரை மணி நேரமும், செயின்ட் லூயிஸுக்கு ஒன்றரை முதல் 2 மணி நேரமும் கழித்து முதல் முறையாகச் சோதியுங்கள்.

8. வெந்துவிட்டதா என்று தாளின் மேலிருந்தே சோதியுங்கள்

பொதியின் நடுப்பகுதியைக் கையுறை அணிந்த கையால் தூக்கிப் பாருங்கள். விறைப்பாக நின்றால் இன்னும் நேரம் இருக்கிறது, இரு முனைகளும் தளர்ந்து தொங்கினால் நெருங்கிவிட்டது. அடுத்து, இரண்டு எலும்புகளுக்கு நடுவே மெல்லிய குச்சி ஒன்றைத் தாளின் வழியாகவே செருகுங்கள். தடையின்றி உள்ளே சென்று வந்தால் போதும். வெப்பமானி பயன்படுத்துபவர்கள் 90 முதல் 95 டிகிரி செல்சியஸை எதிர்பார்க்கலாம், ஆனால் விலாவில் சதை மெல்லியது, முனை எலும்பில் பட்டால் தவறான எண்ணைக் காட்டும். 63 டிகிரியிலேயே பன்றி இறைச்சி உண்ணப் பாதுகாப்பானதாகிவிடும் என்பது உண்மை. இருப்பினும் விலாவிலுள்ள இணைப்புத் திசு கரைந்து மென்மையாவதற்கு இந்த உயர்ந்த சூடும் நேரமும் வேண்டும்.

எலும்பு தானாகக் கழன்று விழும் அளவுக்கு வேக விடாதீர்கள். கடித்தால் சதை சுத்தமாகப் பிரிந்து வர வேண்டும், கடிக்காத இடத்தில் எலும்போடு நிற்க வேண்டும். நான் விரும்பும் பதம் அதுதான்.

9. பிரித்து, பொறுக்க விட்டு, வெட்டுங்கள்

சாஸ் பூச விரும்பாதவர்கள் பொதியைப் பிரிக்காமலே தட்டில் எடுத்து வைத்து 20 முதல் 30 நிமிடம் பொறுக்க விடலாம். பரிமாற நேரம் இருந்தால் பொதியைத் துவாலையில் சுற்றி வெற்று ஐஸ் பெட்டிக்குள் வைத்து மூடினால் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் சூடு நிற்கும். உட்சூடு 60 டிகிரிக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்வது முக்கியம்.

சாஸ் வேண்டுமென்றால் பொதியை உங்கள் முகத்துக்கு எதிர்ப்பக்கமாகத் திறந்து, நீராவி வெளியேறிய பின் பாளத்தை எடுத்து மெல்லிய பூச்சாகத் தடவி, 15 முதல் 20 நிமிடம் திறந்த நிலையில் சூட்டில் வையுங்கள். தாளில் தேங்கியிருக்கும் சாற்றைக் கொட்டிவிடாதீர்கள், கொழுப்பை வடித்துவிட்டுச் சாஸில் கலந்தால் சுவை கூடும். வெட்டும்போது எலும்புப் பக்கத்தை மேலாகத் திருப்பினால் எலும்புகள் எங்கே இருக்கின்றன என்பது தெரியும், கத்தி எலும்பில் மோதாது.

கொழுப்பு ஊறிய தாளைக் கனலும் கரியில் போடாதீர்கள், சட்டென்று உயரமாக எரியும். மறுசுழற்சிக் காகிதங்களோடும் அது சேராது. மீந்த விலாவை இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து 3 அல்லது 4 நாட்களுக்குள் உண்டுவிடுங்கள். மீண்டும் சூடாக்கும்போது மட்டும் புட்சர் பேப்பர் வேண்டாம். புதிதாக வெளியேறுவதற்குக் கொழுப்போ ஈரமோ அப்போது அதிகம் இருக்காது என்பதால், ஒரு கரண்டி தண்ணீர் தெளித்து அலுமினியத் தாளில் இறுக மூடி, 120 டிகிரி ஓவனில் உட்சூடு 74 டிகிரியை எட்டும் வரை வைப்பதே சரியான முறை.